கழற்றப்பட்ட கம்பி

வாருங்கள். மூக்கைப் பொத்தாமல், கண்ணை மூடாமல், இந்த உணவகத்தின் பின்கட்டுச் சமையலறைக்குள் வந்து நில்லுங்கள். இங்கே ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. சாட்சிக்கு ஆள் வேண்டும்.

மதியக் கூட்டம் ஓய்ந்த வேளை. ஊறிய எச்சில் தட்டுகளின் புளித்த வாடையும் ஆறிய எண்ணெயின் கனத்த மணமும் சுவரெல்லாம் வழிந்துகொண்டிருக்க, அடுப்புக்காரி துடைக்கப்போன எஃகு மேசையை முதலில் புறங்கையால் தொட்டாள். அங்கே எல்லோருக்கும் அது வழக்கம். மின்சாரம் கடித்தால் புறங்கை விலகிவிடும், உள்ளங்கை பற்றிக்கொண்டுவிடும். நாள் தவறாமல் கடிக்கும் மேசை அன்று கடிக்கவில்லை. அவள் துணியைப் போட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

தட்டு கழுவும் இயந்திரமும் ஊமையாகிக் கிடந்தது. சுவர்ப்பெட்டி திறந்திருந்தது. அதன் கீழே, ஈரத்தரையில், ஒரு செப்புக் கம்பி.

அந்தக் கம்பியின் கதை அவளுக்குத் தெரியும். மின்சாரம் கசிந்தால் தானாக விழவேண்டிய டிரிப் சுவிட்ச், கூட்ட நேரத்தில் ஓயாமல் விழுந்தது. இயந்திரத்தைப் பழுதுபார்க்க மனமில்லாத மேனேஜர், சுவிட்ச் விழுந்தாலும் மின்சாரம் நிற்காதபடி அதன் இரு முனைகளையும் அந்தக் கம்பியால் இணைத்துவிட்டார். போன மாதம் ஈரக்கையோடு கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்த அவளுடைய அக்கா, பிடித்தபடியே இறந்துபோனாள். நெஞ்சுவலி என்றார் மேனேஜர். எல்லோரும் தலையாட்டினார்கள். இவள் ஆட்டவில்லை.

"ஏம்மா, திரும்பவும் நீதானே கழட்டின?" என்று வந்தார் மேனேஜர்.

"நான் கழட்டினா உங்க முன்னாடியே கழட்டுவேன் சார்."

அவர் கம்பியைத் திரும்ப மாட்டித் திருகாணியை முடுக்கினார், பெட்டியைப் பூட்டினார், சாவியைச் சட்டைப்பையில் போட்டார். இயந்திரம் உறுமியது. பாத்திரம் கழுவப் புதிதாகச் சேர்ந்தவளைத் தொட்டிக்கு அழைத்தார். மேசை சுரீர் என்கிறதே என்று அவள் தயங்க, அது செல்லக்கடி, கொசுக்கடிக்குப் பயந்தால் பிழைக்க முடியுமா என்று சிரித்தார்.

அடுப்புக்காரி குறுக்கே போய் நின்றாள். "அவ தொட மாட்டா. கை வைக்கணும்னா நீங்க வைங்க."

அப்போது கேட்டது.

கிறீச்.

பூட்டிய பெட்டிக்குள். திருகாணி சுழலும் ஓசை. மெதுவாக. சோப்புத் தண்ணீர் வாடை. கருகிய மயிரின் வாடை. பெட்டியின் அடியிலிருந்து ஒரு சொட்டு. இன்னொன்று.

மேனேஜர் சாவியை எடுத்தார். திறந்தார்.

ஒரு கை. கழுவுநீரில் ஊறி வெளுத்த கை. கட்டைவிரலில், அக்காவுக்கு முன்பு தகரம் கிழித்த தழும்பு. உள்ளங்கையில் தொட்டி விளிம்பின் கரிக்கோடு. மணிக்கட்டுக்குப் பின்னால் வெறும் சுவர்.

மேனேஜர் ஓடினார். புதியவளும் ஓடினாள். அடுப்புக்காரி ஓடவில்லை. மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள். இருட்டு.

"விடுக்கா. இனிமே நான் பாத்துக்கறேன்."

ஓசை நின்றது.

பிறகு, கிறீச். அவள் சொல்லை அந்தக் கை நம்பவில்லை.

எப்படி நம்பும்? முன்கட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிறோமே, நம்மில் யார் பின்கட்டை எட்டிப் பார்த்தோம்? செத்தவள் எத்தனை நாளைக்கு நமக்காகத் திருகாணி சுழற்றுவாள்? எழுந்திருங்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். கம்பி இருந்தால், மெயினை அணைத்து அதை எடுத்தெறியும்வரை தட்டில் கை வைக்காதீர்கள்.