எதிர்ப்பக்கத்து எடை

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். மூடி ஆறு வருடம் ஆகியும் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை இரும்பு கேட்டிலேயே நின்றது. காவல்காரர் மஹபூப் பாஷா பூட்டைத் திறந்தபடி என் பையைப் பார்த்தார்.

"இன்னா ஜீவா தம்பி, ஒரு பாட்டுப் பொட்டிக்கா இம்மாந்தூரம் வந்த?"

"என் பொழப்பே அதான் பாய்."

"நல்ல பொழப்பு. வா, விசிறி இல்ல, வாடைதான் ஃப்ரீ."

டேனரியின் சொந்தக்காரர் ரஃபி அகமது சென்னையிலிருந்து போனில் சொன்ன கோளாறு விசித்திரமானது. அவருடைய அப்பாவின் பழைய ரெக்கார்டு பிளேயர் சென்னை வீட்டில் ஒழுங்காகப் பாடுகிறது. திரும்பக் கொண்டுவந்து இந்த ஆபீஸ் அறையில் வைத்தால் பாட்டுக்கு நடுவே முட்டுச் சத்தம் கேட்கிறது.

முட்டுச் சத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முட்டு என்றால் பழுது தட்டிலோ ரெக்கார்டிலோ இருக்கிறது. அதைவிட வேகமாக, சீராக முட்டினால், தட்டை உருட்டும் ரப்பர் சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். ஒரு ரெக்கார்டை ஓடவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். மூன்று முட்டு. நீண்ட இடைவெளி. இரண்டு. மறுபடி மூன்று.

எந்தச் சக்கரமும் அப்படி முட்டாது.

மோட்டாரை நிறுத்தினேன். தட்டு நின்றது. ஊசி, அசையாத ரெக்கார்டின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது.

முட்டு நிற்கவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஊசியின் மேலே இருக்கும் கார்ட்ரிட்ஜ் ஒரு காது மாதிரி. ஊசி எதனால் நடுங்கினாலும் அதை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவிடும். தரை நடுங்கினால் மேஜை நடுங்கும், மேஜை நடுங்கினால் ஊசி. நம் காதுக்கு எட்டாத அதிர்வு ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்கும். ஆக, இந்தத் தரையை எதுவோ தட்டிக்கொண்டிருக்கிறது.

"பாய், சுவத்துக்கு அந்தாண்ட இன்னா இருக்கு?"

"பழைய ட்ரம்மு. அதுக்கு மட்டும் கரண்டு கட் பண்ணி வருசமாச்சி." பாஷா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "நான் ஜும்மா தொழுகைக்குப் போய்ட்டு வர்றேன். கேட்ட பூட்டிக்கிறேன், இல்லன்னா நாய்ங்க பூந்துடுது. ரெண்டு மணிக்கு வந்துடுவேன். அந்தப் பக்கம்லாம் போவாத."

நாய் என்றதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். ஏதோ ஒரு நாய் அந்த ட்ரம்முக்குள் விழுந்து கிடக்கிறது. பாவம்.

தோலை ஊறவைத்துச் சுழற்றும் மர ட்ரம் அது. எட்டடி விட்டம், படுக்கவைத்த பீப்பாய் போல இரண்டு தூண்களுக்கு நடுவே நின்றது. ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வாசல், இடுப்பு உயரத்தில் என்னைப் பார்த்துத் திறந்திருந்தது. முதலில் சுவிட்ச் போர்டைப் பார்த்தேன். ஃபியூஸ் கட்டை இல்லை. மின்சாரம் இல்லாமல் இது சுற்றாது என்று தைரியமாக ஒரு ஸ்பேனரோடு ஏறினேன். எதிர்ப்பக்கத்தில் ஏதோ கறுப்பாகச் சுருண்டு கிடந்தது. அதன் அருகே குதித்தேன்.

பழைய ரப்பர் ஏப்ரன்.

அப்போது ட்ரம் உருண்டது.

என் எடை இருந்த பக்கம் கீழே இறங்க, வாசல் மெதுவாக மேலே போய்த் தலைக்கு நேரே நின்றது. எட்டடி உயரத்தில் ஒரு துண்டு வெளிச்சம். போன் ஆபீஸ் மேஜையில் இருந்தது.

பதறவில்லை. எடையால் உருண்டதை எடையாலேயே திருப்பலாம். உள்சுவர் முழுக்கக் கைப்பிடி மாதிரி மரமுளைகள். வந்த பக்கத்து முளைகளில் ஏறினால் அந்தப் பக்கம் தாழும், வாசலும் அங்கே இறங்கி வரும். ஏறினேன். ட்ரம் ஒரு சாண் நகர்ந்தது.

நின்றது.

இன்னொரு முளை ஏறினேன். நகரவில்லை. உடம்பை முழுக்கச் சாய்த்துத் தொங்கினேன். நகரவில்லை.

ரெக்கார்டு பிளேயரில் ஊசியைத் தாங்கும் கைக்குப் பின்பக்கம் ஒரு எடை இருக்கும். இரண்டு பக்கமும் சரியாக வைத்தால் கை காற்றில் அப்படியே மிதக்கும். ஆயிரம் தடவை அந்தச் சமநிலையை வைத்திருக்கிறேன். அதனால் என் உடம்புக்குத் தெரிந்தது.

எதிர்ப்பக்கத்தில் என் எடைக்கு எடை இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். காலி முளைகள். அவற்றில் ஒன்றிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

நான் ஒரு முளை ஏறினேன். எதிரே ஒரு முளை முனகியது.

நான் இறங்கினேன். அதுவும் இறங்கியது.

கத்தினேன். என் குரல் மரத்துக்குள்ளேயே சுற்றியது. அப்புறம்தான் ஊசியை ரெக்கார்டின் மேலேயே விட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ஆபீஸ் ஸ்பீக்கரில் கேட்கட்டும் என்று ஸ்பேனரால் மரத்தைத் தட்டத் தொடங்கினேன். தட்டினேன், தட்டினேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

"தம்பி! ட்ரம்முலயா கீற?" பாஷாவின் குரல்.

"பாய், வாசல கீழ கொண்டாங்க!"

அவர் வெளியிலிருந்து தள்ளினார். ட்ரம் விரலால் தொட்ட தட்டு மாதிரி லேசாகச் சுழன்றது. முளையைக் கட்டிக்கொண்டு நானும் கூடவே கீழே போனேன். எதிரே இருந்தது இப்போது என் தலைக்கு மேலே வந்தது. தூள் என் கழுத்தில் விழுந்தது. பாஷா அடியில் மரக்கட்டையைச் செருகியதும் வாசல் வழியே தவழ்ந்து தரையில் விழுந்தேன்.

"உன்னோட இன்னும் யாரு?"

"யாருமில்லயே பாய்."

"ஸ்பீக்கர்ல ரெண்டு பேர் தட்டுனாங்க. நீ நிறுத்தினா அது தட்டுச்சி." அவர் ட்ரம்மிலிருந்து ஒரு அடி பின்வாங்கினார். "ஒரு ஆள் உள்ள கீறப்ப நான் ஒருத்தன் தள்ளுனா ட்ரம்மு நவுராது தம்பி. மூணு பேர் வேணும். எதிர்ப்பக்கம் அதே எடை இருந்தாதான் இப்டி லேசா சுத்தும். ஏறச்சொல்ல ட்ரம்முக்கு அடியில கட்டை வெச்சியா?"

"ஃபியூஸ் இல்லன்னு பாத்தேன்."

"இங்க வேல செஞ்ச இருதயராஜும் ஃபியூஸப் புடுங்கிப் பாக்கெட்ல வெச்சிக்கினுதான் கழுவ எறங்குனான். எல்லாரும் அப்டித்தான் செய்வோம். ஆனா கட்டை வெக்கணும், அத மறந்துட்டான். சனிக்கிழமை சாயங்காலம். ஷிப்ட் முடிஞ்சி எல்லாரும் போய்ட்டோம். திங்கக்கிழமதான் உள்ள பொணமா பாத்தோம்."

என் புத்தி எனக்கு எதிரி. காரணம் தெரியாமல் என்னால் ஒரு இடத்தை விட்டு நகர முடியாது.

"காலி ட்ரம் நின்ன எடத்துலயே நிக்கும் பாய். கட்டையை எடுத்துப் பாத்துடலாம்."

"வாணாம். கை வெக்காத!"

காலால் கட்டையை உதைத்துத் தள்ளினேன்.

ட்ரம் அசையவில்லை. மூச்சு விட்டேன்.

பிறகு, உள்ளே ஒரு முளை முனகியது. ட்ரம் ஒரு காலடி அளவு உருண்டு நின்றது. இன்னொரு முளை, இன்னொரு காலடி. இடுப்பு உயரத்தில் இருந்த வாசல் எங்கள் முன்னால் முழங்கால் உயரத்துக்கு இறங்கி நின்றது.

உள்ளிருந்து ஒருவர் வெளியே கால் வைக்கத் தோதான உயரம் அது.