பச்சை மைக் குறி

மாலை ஏழு மணி ஊசி போட்டாகிவிட்டது என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாள் சொன்னது. வெர்னா அப்போதுதான் வாசல் பனியைத் தள்ளிவிட்டுக் கையுறையைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்திருந்தாள். வீட்டில் அவளையும் மோசஸையும் விட்டால் ஆள் கிடையாது, மோசஸோ சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போன கிழட்டு நாய். மோசஸ் வந்த மூன்று வாரமும் அவள் சரிக்குறி போட்டது பென்சிலால். இது பச்சை மை.

தனக்குத்தான் மறதி பிடித்துவிட்டதென்று தலையில் அடித்துக்கொண்டாள். அறுபத்திரண்டு வயதில் வேறென்ன நினைப்பது? ஊசி போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடவே கூடாது. அவளைப்போல் கைவிடப்பட்ட நாய்களைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. இன்சுலின் ஒருவேளை தவறினால் நாய் சோர்ந்து கிடக்கும், இரண்டு தரம் உள்ளே போனால் செத்துப்போகும். அதனால் போடாமல் விட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துக் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்தபோது, சர்க்கரை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. யாரோ போட்டுத்தான் இருந்தார்கள்.

மறுநாள் காலை ஊசியை அவளே போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம், அவள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த கால்மணி நேரத்தில், இன்னொரு பச்சைக் குறி.

மூன்றாம் நாள் வெர்னாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. யாராக இருந்தாலும் சரி, முந்திக்கொள்கிறேன் பார் என்று ஆறரைக்கே சமையலறை நாற்காலியில் மோசஸை ஏற்றி, வாயில் ஒரு துண்டு பாலாடைக்கட்டியைக் கொடுத்து, பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைப் போட்டு, மருந்துக் குப்பியைத் தன் ஸ்வெட்டர் பையிலேயே போட்டுக்கொண்டாள். தாளில் பென்சிலால் பெரிதாக ஒரு குறி. பிறகு எல்லா விளக்கையும் எரியவிட்டு, ஏரியிலிருந்து வந்த காற்று ஜன்னல் சட்டங்களை உலுக்கிக்கொண்டிருப்பதையும், கணப்பு இயந்திரம் நிலவறையில் உறுமி அடங்குவதையும், பனி வாரும் வண்டி எங்கோ தூரத்தில் சாலையைச் சுரண்டிக்கொண்டு போவதையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மோசஸ் எழுந்தான். சுவரை உரசிக்கொண்டே போய், துணி துவைக்கும் அறை மிதியடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வாலை ஆட்டினான். அந்த இடத்தில் அவள் ஒருநாளும் ஊசி போட்டதில்லை. புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாசம் வந்தது, இன்சுலினின் வாசம். அவள் பையிலிருந்த குப்பியோ இறுக்கி மூடியிருந்தது.

ட்ரூடிக்குப் போன் போட்டாள். நாய் மீட்புக் குழுவிலிருந்து மோசஸைக் கொண்டுவந்து விட்டவள் ட்ரூடிதான். இருவரும் இருபது வருஷம் ஒன்றாகப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்கள். வெர்னாவின் கணவன் செத்த வாரம் முழுக்க இந்தச் சமையலறையில் சூப் காய்ச்சிக் கொடுத்தவளும் அவள்தான்.

"ட்ரூடி, எனக்கு முன்னாடி இவனை யாருடி வச்சிருந்தா?"

"ஹெஸ்டர்னு ஒருத்தி. அன்னைக்கே சொன்னேனே. அவ ஃபெயிலாயிட்டா."

நாய் மீட்பு வேலையில் அது ஒரு வேடிக்கைப் பேச்சு. கொஞ்ச நாளைக்கென்று வாங்கிய நாயைப் பிரிய மனம் வராமல் தானே வைத்துக்கொள்கிறவள் ஃபெயிலாகிவிட்டாள் என்பார்கள், கேக் வெட்டிக் கேலி செய்வார்கள். அன்றைக்கு இதைக் கேட்டு வெர்னாவும் சேர்ந்துதான் சிரித்தாள். இப்போதுதான் உறைத்தது.

"ஃபெயிலானவ நாயைத் திருப்பிக் குடுக்க மாட்டாளேடி."

மறுமுனையில் ட்ரூடி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"குடுக்கல," என்றாள் ட்ரூடி. "நாங்க போய்த்தான் எடுத்துட்டு வந்தோம். அவ செத்து நாலு நாள் ஆயிருந்துச்சு. இவன் நல்லா இருந்தான் வெர்னா. நாலு நாளும் ஊசி போட்டதா தாள்ல பச்சைக் குறி இருந்துச்சு."

அதற்கப்புறம் இரண்டு பேர் வாங்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டதையும், நாயைக் கருணைக் கொலை செய்ய நாள் குறித்துவிட்டதையும் கடகடவென்று கொட்டினாள்.

"தெரிஞ்சே என் தலையில கட்டுனியா?"

"உனக்கு மாட்டேன்னு சொல்ல வராதுடி. வேற யாரு எடுப்பா? சாயங்கால ஊசியை நீ தொடாத, அவ பாத்துப்பா. ரெண்டு பேரும் போட்டாத்தான் ஆபத்து."

இருபது வருஷம். எப்படித்தான் மனசு வந்தது இவளுக்கு? திட்டக்கூட நேரமில்லை. ஏழாக இரண்டு நிமிடம். மோசஸின் உடம்பில் ஒரு ஊசி ஏற்கெனவே இருந்தது. அதைப் போட்டவள் வெர்னா.

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மிதியடியில் மண்டியிட்டு நாயை வாரி மடியில் போட்டு, அவன் பிடரியைத் தன் இரண்டு உள்ளங்கையாலும் மூடிக் குனிந்துகொண்டாள். மோசஸ் உறுமினான். அவளைப் பார்த்துத்தான் உறுமினான். மூன்று வாரமாகக் கையில் ஊட்டியவளை.

"போட்டாச்சு," என்றாள் வெர்னா, வெறும் அறையைப் பார்த்து. "இன்னைக்கு நான் போட்டுட்டேன். இன்னொண்ணு போட்டா செத்துடுவான். தயவுசெஞ்சு கேளு."

சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் பிரிந்தது.

மூடியது.

காலடிச் சத்தம் இல்லை. வாசம் மட்டும் நெருங்கியது. தொண்டை வரை அந்த வாசம்.

அவள் கைக்குள் மோசஸ் அடங்கினான். உறுமலும் நின்றது. அவன் பிடரியை யாரும் தொடவில்லை. அவள் விரல்கள் அங்கேயேதான் இருந்தன. விடமாட்டேன். விடவேமாட்டேன்.

குனிந்திருந்த வெர்னாவின் கழுத்துக்குப் பின்னால் தலைமுடி மெல்ல ஒதுக்கப்பட்டது. குளிர்ந்த இரண்டு விரல்கள் அங்கே தோலைப் பிடித்தன. நாய்க்குப் பிடிப்பது போலவே, வலிக்காமல், பழகிய கையாக, கூடாரம்போல் தூக்கிப் பிடித்தன.

மடியில் மோசஸ் வாலை ஆட்டினான்.