மேனேஜர் மாதிரியே ஒன்று

மேனேஜர் ஃப்ரீஸரில் கிடந்தார்.

பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவில். ஒரு பழைய துண்டு சுற்றி.

வக்கீல் துண்டின் முனையை விலக்கிப் பார்த்தான். இடது காது கறுப்பு. வலது காது பழுப்பு. நெற்றியிலிருந்து மூக்கு வரை கோணலாக ஒரு வெள்ளைக் கோடு.

மூன்று வயதுக் கினிப்பன்றி. வீட்டில் யார் எங்கே நடந்தாலும் கூண்டுக் கம்பியைப் பிடித்து நின்று கீச்சுக் கீச்சென்று விசாரணை நடத்தும். அதனால் அவன் மனைவி வைத்த பெயர், மேனேஜர்.

மனைவியும் இப்போது இல்லை. மூன்று நாளைக்கு முன் போய்ச் சேர்ந்தாள். எரித்தும் ஆகிவிட்டது.

போன் அடித்தது.

மச்சினி. வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"சொல்லும்மா."

"ஆறுதல் சொல்லக் கூப்பிடல அத்தான். மேனேஜரை எடுத்துக்க சாயங்காலம் வரேன்."

"என்ன அவசரம்? நான் பார்த்துக்க மாட்டேனா?"

"அக்காவைப் பார்த்துக்கிட்டீங்களே, அது போதும்."

"நாக்கை அடக்கிப் பேசு."

"அக்காவுக்கு ஹார்ட் வீக்தான். தூக்கத்துல நின்னு போற அளவுக்கு வீக் இல்ல. ரிப்போர்ட் எல்லாம் நான்தான பார்த்தேன்? நான் வந்து சேர்றதுக்குள்ள எரிச்சு முடிச்சுட்டீங்க. இனி பேசி என்ன... மேனேஜராவது நல்லா இருக்கா?"

ஃப்ரீஸரின் குளிர் அவன் முகத்தில் அடித்தது.

"அதுக்கென்ன... ஜம்முனு இருக்கு."

வைத்துவிட்டான்.

காரணம் பெரிதாக எதுவும் இல்லை. சீக்காளி மனைவி சலித்துவிட்டாள், அவ்வளவுதான். படுக்கையறையை ஒட்டிக் குளியலறை. அதில் கேஸ் கீஸர். அதன் புகைக்குழாயை அடைத்து, அதை எரியவிட்டு வெளியூர் வழக்குக்குப் போனான். விடிந்ததும் வந்தான். ஜன்னலைத் திறந்தான். கீஸரை அணைத்தான். குழாய் அடைப்பை உருவினான். அதற்குப் பிறகுதான் அலறினான்.

வாசனை இல்லாத, நிறம் இல்லாத விஷக்காற்று. வந்த டாக்டர் பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டி, உதட்டைப் பிதுக்கி, ஹார்ட் என்றார்.

எல்லாவற்றையும் யோசித்தவன் ஒன்றை மறந்தான். அந்த அறையில் மூச்சு விட இன்னொரு ஜீவன் இருந்தது.

ஒரே ராத்திரி. ஒரே அறை. இரண்டு சாவு. ஒரு இதயம் நின்றால் ஊர் நம்பும். இரண்டு இதயம் நின்றால் ஊர் யோசிக்கும். மச்சினி யோசிக்க வேண்டியதே இல்லை... ஏற்கெனவே பாதி யோசித்து வைத்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஒரு மேனேஜர் வேண்டும்.

மேனேஜரை ஐஸ் பெட்டிக்கு மாற்றிக் காரில் வைத்தான். பழைய பட்டனைக் காட்டிப் புதுப் பட்டன் வாங்குகிற மாதிரி.

முதலில் பண்ணை. தகரக் கொட்டகைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூண்டுகள். மூத்திர நெடி கண்ணைக் கரித்தது.

"மூணு வயசா?" பண்ணைக்காரன் பல் குத்திக்கொண்டே கேட்டான். "அந்த வயசுல இங்க எது சார் இருக்கும்? குட்டி போடறது நின்னுட்டா தீனி தண்டம். பெட்டியில போட்டு காப்பகத்து கேட்டுல வெச்சுட்டு வந்துடுவேன். அந்தம்மா என்னைத் திட்டிக்கிட்டே உள்ள எடுத்துக்கும். குட்டி வேணும்னா சொல்லுங்க. ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

"பெருசுதான் வேணும்."

"அப்ப அங்கயே போங்க. ஆனா ஒண்ணு... அந்தம்மா கேள்வியாக் கேக்கும்."

வக்கீல் சிரித்தான். கேள்வி கேட்டே வீடு கட்டியவன் அவன்.

காப்பகத்தம்மா ஒல்லி. சட்டையெல்லாம் உலர்புல். கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள், மழையில் வந்த சேல்ஸ்மேனைப் பார்க்கிற மாதிரி.

"எல்லாரும் குட்டி கேப்பாங்க. நீங்க ஏன் கிழவியைக் கேக்கறீங்க?"

"வயசானதுக்கும் ஒரு வீடு வேணுமில்லையா மேடம்?"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. கலர் ஏதாவது?"

"இடது காது கறுப்பு. வலது காது பிரவுன். மூக்குல கோணலா வெள்ளைக் கோடு."

"உயிரைத் தேடறீங்களா, தொலைஞ்சு போன குடையைத் தேடறீங்களா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"கூண்டு இருக்கா?"

கையை அகட்டிக் காட்டினான்.

"அதுக்குப் பேரு செருப்புப் பெட்டி. யார் வளர்த்தது?"

"என் மனைவி."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க. வீட்ல ஒருத்தருக்குப் பிடிக்கலைன்னாலும் நான் கொடுக்கறதில்ல."

"அவ வர முடியாது."

"ஏன்?"

எத்தனையோ சாட்சிகளை அந்த ஒரே வார்த்தையால் வியர்க்க வைத்தவன். அது தன் பக்கம் திரும்பி வந்தபோது பிடிக்கவில்லை.

"தவறிட்டா. மூணு நாளாச்சு."

உலர்புல் அள்ளிய கை நின்றது.

"வளர்த்த கினி பிக் எங்க?"

உண்மையைப் பாதியாக நறுக்கிக் கொடுப்பது அவனுக்குக் கைவந்த கலை. கர்ச்சீப்பை எடுத்தான். குரலை உடைத்தான்.

"மேனேஜர்னு பேரு. அதுவும் போயிடுச்சு மேடம். அதே ராத்திரி... அவ கட்டில் பக்கத்துலயே. அவ இல்லாம இருக்கப் பிடிக்கல போல. மச்சினி சாயங்காலம் அதைக் கேட்டு வரா. அக்காவும் போய், அதுவும் போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அழுகை நன்றாக வந்தது. அவனுக்கே திருப்தி.

காப்பகத்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"துக்கத்துல சாகற ஜாதிதான் இது. ஆனா சாப்பிடாம, நாளா நாளா இளைச்சுச் சாகும்."

"இது... ரொம்பப் பாசம்."

"உடம்பு எங்க?"

"எதுக்கு?"

"தொத்து வியாதின்னா என் பிள்ளையும் போயிடும். உடம்பைக் கொடுங்க, இங்கயே டாக்டர் பார்ப்பார். கொடுக்கலைன்னா வாசல் அந்தப் பக்கம்."

வக்கீல் வாட்ச்சைப் பார்த்தான். பெரிய டாக்டரே மனைவியின் உடம்பைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்தப் புல்லுக்கட்டுக்காரியின் மாட்டு டாக்டர் என்னத்தைக் கிழிக்கப் போகிறார்?

ஐஸ் பெட்டியைக் கொண்டு வந்தான்.

அவள் துண்டைப் பிரித்தாள். மேனேஜரின் பாதங்களை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல ரோஸ் கலர்."

"ஆமாங்க. அழகா இருக்கும்."

"இந்தத் துண்டையாவது துவைச்சிருக்கலாம்." மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். உள்ளே போய் வந்தாள். வந்தபோது கையில் ஒரு கூடை.

கறுப்புக் காது. பழுப்புக் காது. கோணல் கோடு... கோடு மட்டும் கொஞ்சம் தடிமன். நர்ஸ் என்ன, மேனேஜரே வந்தாலும் குழம்பும்.

பின்னாலேயே இன்னொன்று எட்டிப் பார்த்தது. முழு வெள்ளை.

"ஒண்ணு போதும் மேடம்."

"ஒத்தையா விக்கறது பண்ணைக்காரன் வேலை. இதுங்க ரெண்டும் ஒரே பெட்டியில வந்ததுங்க. பிரிச்சா கத்தியே உயிரை விடும். ஜோடியாத்தான் கொடுப்பேன். அப்புறம், வீட்டைப் பார்க்க வருவேன். அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னான். இவள் எந்த வாரம் வரப் போகிறாள்? வெள்ளையை வழியில் விட்டுவிடலாம் என்று நினைத்தான். சாலையெல்லாம் ஜனம். சந்தெல்லாம் கண். வேறு வழியில்லாமல் வீட்டுக்கே கொண்டு வந்து, குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்தினான். மற்றதை மேனேஜரின் கூண்டில் வைத்தான்.

அழைப்பு மணி.

மச்சினி செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்க?"

"உக்காரு, தண்ணி குடி..."

"உங்க வீட்டுத் தண்ணி வேணாம்."

படுக்கையறைக்குப் போனாள். கூண்டின் முன் மண்டியிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வக்கீல் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"இளைச்சிருக்கு," என்றாள்.

"அவ போன ஏக்கம்."

"ம்." கைகளில் அள்ளிக்கொண்டாள். அதன் முதுகில் முகத்தைப் புதைத்தாள். தோள் குலுங்கியது. "அக்கா கை பட்டது இது ஒண்ணுதான் அத்தான் எனக்கு மிச்சம்..."

ஜெயித்தாகிவிட்டது. வக்கீல் மூச்சை விட்டான்.

கீச்ச்ச்...

குளியலறையிலிருந்து.

மச்சினி நிமிர்ந்தாள். அவள் கையிலிருந்தது உடம்பை முறுக்கிப் பதில் குரல் கொடுத்தது. கீச்ச்... கீச்ச்...

"உள்ள என்ன அத்தான்?"

"குழாய். வாஷர் போயிடுச்சு."

"குழாய் கூப்பிட்டா மேனேஜர் பதில் பேசுமா?"

தடுக்கப் போன கையைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள். ஈரத் தரையில், பக்கெட்டை ஒட்டி நடுங்கிக்கொண்டு, வெள்ளை.

"இது யாரு?" குனிந்து கையிலிருந்ததை மறுபடி பார்த்தாள். அந்தக் கோட்டை. "அப்ப இது யாரு?"

வக்கீலுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் பேச்சு வரவில்லை.

"ரெண்டும் என் பிள்ளைங்கம்மா," என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். காப்பகத்தம்மா. பின்னால் இன்ஸ்பெக்டர். அவர் கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு பழைய துண்டு. "கதவு திறந்திருந்தது. வீட்டைப் பார்க்க வருவேன்னு சொன்னேன் இல்ல? அதுக்குள்ள ஜோடியைப் பிரிச்சு ஈரத்துல வெச்சிருக்கீங்க."

"மேடம், இது என் குடும்ப விஷயம்..."

"அதேதான் நானும் விசாரிக்க வந்தேன் வக்கீல் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "செத்தா உடம்பு வெளுக்கும். உங்க மேனேஜர் ரோஸ் கலர்ல இருக்கார். டாக்டர் ரத்தத்தைப் பார்த்தார். கேஸ் புகைதான் ரத்தத்தை அப்படிச் சிவக்க வைக்கும்."

மச்சினி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கீஸர் ரிப்பேரா இருந்திருக்கும்," என்றான் வக்கீல். குரல் திரும்பி வந்துவிட்டது. "விபத்து. எனக்கு எப்படித் தெரியும்? நான் ஊர்லயே இல்ல. என் மனைவி உடம்பு கூட இல்ல... எதை வெச்சு என்ன நிரூபிப்பீங்க?"

"அதானே." இன்ஸ்பெக்டர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். துண்டின் நடுவில், கரியால் வரைந்த மாதிரி ஒரு வட்டம். குளியலறைக்குள் போய், கீஸரின் புகைக்குழாய் வாய்க்குப் பக்கத்தில் பையை நீட்டிப் பிடித்தார்.

வட்டமும் வாயும் ஒரே அளவு.

குழாயிலிருந்து உருவிய துண்டு. பதற்றத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான். அதிலேயே மேனேஜரைச் சுற்றி, பத்திரமாக ஐஸில் வைத்து, தன் கையாலேயே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

மச்சினி அருகில் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடிக்கவில்லை.

"அவ உங்களுக்கு என்ன பண்ணினா?"

உண்மையைச் சொல்வதானால் ஒன்றைத்தான் சொல்லியிருக்க வேண்டும்... சலித்துவிட்டது என்று.

அவள் திரும்பி வெள்ளையைத் தூக்கி இன்னொன்றின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டும் சத்தத்தை நிறுத்தின.

"இதுங்களை நான் கொண்டு போகலாமா?"

"கொஞ்சம் கேள்வி கேப்பேன்," என்றாள் காப்பகத்தம்மா.

"கேளுங்க. எவ்வளவு வேணா கேளுங்க."

வக்கீலின் தலைக்குள் பண்ணைக்காரன் பல் குத்திக்கொண்டிருந்தான். ஒரு கேள்வி கேக்க மாட்டேன் சார்...

இன்ஸ்பெக்டர் அவன் மணிக்கட்டில் விலங்கை மாட்டினார்.

"வாங்க சார், உங்க கூண்டு தயாரா இருக்கு. பயப்படாதீங்க, எங்ககிட்ட ஜோடி கட்டாயமில்ல."