செய்தி மேசை அழைக்கிறது

பாளையம்பட்டியில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கரிசல் வெடித்துக் கிடந்தது. சீமைக்கருவேலம் மட்டும் யாரைக் கேட்டு வளர்கிறதோ, பச்சையாக நின்றது. அதற்கு நடுவே பழைய பருத்திக் கிட்டங்கி ஒன்று. அதைத்தான் டி.வி. நிலையமாக மாற்றி, உள்ளூர் கேபிளில் மதியச் செய்தி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் செல்வதுரை. மதுரையிலிருந்து டாக்பேக் மாட்ட வந்திருந்தேன். செய்தி வாசிக்கிற பெண்ணின் காதில் சின்னதாக ஒன்று செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் பொத்தானை அமுக்கிப் பேசினால் அது அவள் காதுக்கு மட்டும் கேட்கும். வேகமாகப் படி, விளம்பரம் போகிறது, முடிந்தது, எழுந்திரு. காது என்ன சொல்கிறதோ அதைச் செய்ய வேண்டும்; முகத்தில் காட்டவும் கூடாது. பழகிவிட்டால் சொந்தப் புத்தியைவிடக் காதைத்தான் நம்புவார்கள். திருப்பிப் பேச அந்தக் கம்பியில் வழியே கிடையாது. அவசரமென்றால் மேசைக்கு அடியில் ஒரு பொத்தான் உண்டு; அதை அமுக்கினால் கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரியும்.

முதலாளி பூமிநாதன் வாசலிலேயே நின்றார். அருப்புக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து செய்தியை நடத்துவதும் அவரேதான்.

"மதியச் செய்திக்குள்ள முடிச்சிருவீகளா தம்பி?"

"முடிச்சிரலாம் அண்ணாச்சி."

உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. அதற்கு அடியில், கருகிய ரப்பர் வாசனை.

போன வருஷம் இந்த ஸ்டுடியோ தீப்பிடித்தது ஊருக்கே தெரியும். செய்தி வாசித்துக்கொண்டிருந்த சுகப்பிரியா புகையில் மயங்கிச் செத்துப்போனாள் என்றார்கள். அவள் செத்தது அடைப்பு நட்சத்திரத்திலாம், சாவுக்கு ஆகாத நேரம். ஆறு மாதம் அந்த அறையைப் பூட்டி வை என்றிருக்கிறார் ஜோசியர். பூட்டினால் சேனல் என்னாவது? முதலாளிக்கு ஒரு யோசனை. அறைக்குப் பதிலாக, பிணத்தைத் தூக்கிப்போன கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். செய்தி மேசைக்கு இடது பக்கம் இருந்த கதவு அது. இப்போது எதிர்ச்சுவரில் புதுக் கதவு. சாமியையும் ஏமாற்றலாம் என்று நினைக்கிற மனுஷர்.

கண்ட்ரோல் ரூமில் பெட்டியை மாட்டி, ஒவ்வொரு விளக்குக்கும் கீழே பெயர் ஒட்டினேன். கேமரா. லைட். செய்தி மேசை.

செய்தி மேசை விளக்கு எரிந்தது.

மேசைக்கு இன்னும் நான் கம்பியே இழுக்கவில்லை. கம்பிச் சுருள் என் காலடியில் கிடந்தது.

ஏதோ கோளாறு என்று ஹெட்செட்டைக் காதில் வைத்தேன். யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு இருமல், அடக்கி அடக்கி, மைக்கில் கேட்டுவிடக் கூடாதே என்பது போல.

"என்ன தம்பி?" என்றார் பூமிநாதன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

ஹெட்செட்டைக் கீழே வைத்துவிட்டு, சுருளை எடுத்துப்போய் மேசைக்குக் கம்பி இழுத்து மாட்டினேன்.

புதுப் பெண் அபிஷா, எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முதல் நாள். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, காதில் செருகியதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க தெருவே டி.வி. முன்னாடி உக்காந்திருக்குண்ணே. சொதப்பாமப் பாத்துக்கங்க."

"நீ பயப்படாம படிம்மா."

ஒத்திகை தொடங்கியது. வணக்கம் சொன்னாள். பஸ் நிலையத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு வரி படித்தாள். அடுத்த வரி அவள் கையிலிருந்த தாளில் இல்லை.

"பந்தல்குடி அருகே பருத்தி லோடு லாரி கவிழ்ந்து..."

பூமிநாதனின் கை பொத்தானிலிருந்து நழுவியது.

"இது போன வருசத்துச் செய்தி," என்றார். "அன்னிக்கு அவ படிச்சது."

கண்ட்ரோல் ரூம் திரையில் அபிஷாவுக்குக் கண்ணீர் வழிந்தது. இருமினாள். மறுபடி படித்தாள். புகை எதுவும் இல்லை. ஆனால் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

ஸ்டுடியோவுக்குள் ஓடினேன். "எந்திரிம்மா!" என்று தோளைப் பிடித்து இழுத்தேன். பருத்தி மூட்டை போலக் கனத்தாள். காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்தேன். அப்போதும் எழவில்லை.

"சார் இன்னும் சொல்லலியே," என்றாள்.

அது அபிஷாவின் குரல் இல்லை.

திரும்ப ஓடிவந்து முதலாளியின் சட்டையைப் பிடித்தேன். "அன்னிக்கு அந்தப் பிள்ளட்ட என்ன சொன்னீக?"

"நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காதன்னு..." வாய் குழறியது. "சின்னப் பொகதான், அணச்சிருவோம்னு நெனச்சேன். அப்புறம் தீ... நான் வெளிய வந்துட்டேன்."

"அவட்ட சொல்லாமலா?"

சட்டையிலிருந்து என் கையை விலக்கப் பார்த்தார்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. இந்தப் பிள்ளையும் போயிரும்!"

பொத்தானைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடிவிட்டார்.

நான் அமுக்கினேன்.

"முடிஞ்சிருச்சும்மா. எந்திரிங்க."

அபிஷா மேசை மேல் கவிழ்ந்தாள். தூக்கிக்கொண்டு போய் வெளியே வேப்ப நிழலில் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தேன். நெஞ்சு ஏறி இறங்கியது. உதட்டில் சிவப்பு வந்தது. கண்ணைத் திறந்து, "படிச்சு முடிச்சிட்டனாண்ணே?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை வீட்டுக்கு அனுப்ப ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

பையை எடுக்கத்தான் மறுபடி உள்ளே போனேன். முதல் வேலையாக மெயினை அணைத்தேன். கண்ட்ரோல் ரூம் இருண்டது.

இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. செய்தி மேசை.

மேசையில் கிடந்த ஹெட்செட்டிலிருந்து குரல் வந்தது. பணிவான குரல்.

"எந்திரிச்சிட்டேன் சார். கண்ணு தெரியல. எந்தப் பக்கம் போகணும்?"

ஓடியிருக்கலாம். முன்னால் ஒருவர் அப்படித்தான் ஓடினார். இந்தப் பெண் அன்றிலிருந்து ஒரு வார்த்தைக்காக அந்த நாற்காலியிலேயே காத்துக் கிடந்திருக்கிறாள். பயத்தைவிடப் பரிதாபம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. அவளுக்குத் தெரிந்த கதவு ஒன்றே ஒன்றுதான். அது வாய்க்கு வந்துவிட்டது.

"இடது பக்கம்மா. இடது பக்கம் போங்க. கதவு இருக்கு."

"சரி சார்."

காலடி கேட்டது. சுவரைத் தடவும் கை. பூச்சில் வளையல் உரசும் சத்தம், மேலே, கீழே, மறுபடி மேலே.

அப்போதுதான் செங்கல் ஞாபகம் வந்தது.

உரசல் நின்றது. இருமல். பிறகு, என்னை மட்டுமே நம்பிக் கேட்கிற அந்தக் குரல்.

"சார்... இங்க கதவு இல்லையே."