காலி வண்டியின் பாரம்

காலி லாரிதான். ஆனாலும் பின்சக்கரங்கள் அமுங்கியிருந்தன.

"ஒண்ணும் ஏத்தலையே சார்? ஏன் இப்படி அழுந்தி நிக்குது?" என்று மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்கும். சாவியைக் குடுங்க."

மேற்பார்வையாளர் லாரி ஓட்டிப் பல வருடமாயிற்று. கண்ணாடி அறையில் குளுகுளுவென்று உட்கார்ந்து, மாட்டு லாரிகளைத் திரையில் மேய்ப்பதுதான் அவர் உத்தியோகம். ஆனால் இந்த வண்டியின் சாவிக்கு மட்டும் எந்த டிரைவரும் கை நீட்டவில்லை. வாங்க வந்த புண்ணியவானிடம் இன்றே தள்ளிவிட்டால் பீடை ஒழிந்தது என்று தானே ஏறினார்.

மண்டையைப் பிளக்கும் வெயில். கேபினுக்குள் பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. அதற்கும் அடியில், எத்தனை முறை கழுவியும் போகாத சாணமும் மூத்திரமும் கலந்த புளித்த வீச்சம். முதல் வளைவில் வண்டியைத் திருப்பியபோது, பின்னால் ஏதோ கனமாக ஒரு பக்கம் சாய்ந்து, தடுமாறி, மெல்லக் கால் ஊன்றி நிமிர்ந்தது. இரும்புத் தரையில் குளம்பு வழுக்கும் சத்தம் அவருக்குத் தெரியாததல்ல. ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

இதே சாலைதான். போன கோடையில், இதே வண்டி நிறைய மாடுகள். டிரைவர் ஒரு நாளில் இத்தனை மணிதான் ஓட்டலாம் என்று சட்டம் வைத்த நேரம் முடிந்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் ஓட்டி யாரும் சாகக் கூடாது என்று வைத்த நல்ல சட்டம்தான். உயிருள்ள சுமை இருந்தால் அடுத்த மாட்டுக் கொட்டகை வரை போக விடலாம் என்று அதிலேயே இடமும் உண்டு. ஆனால் விட்டால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அதற்குத்தான் இந்த மகானுக்குச் சோம்பல்.

"சார், கொட்டகை பக்கத்துலதான் சார். வாயில்லா ஜீவனுங்க. நான் கெட்டியா முழிச்சிருக்கேன் சார்," என்று டிரைவர் போனில் கெஞ்சினார்.

"ரூல்னா ரூல்தான்பா. பேசாம படு."

அறையில் இருந்தபடியே திரையில் ஒரு பொத்தானைத் தட்டி எஞ்சினைப் பூட்டினார். எஞ்சின் நின்றால் பின்னால் மின்விசிறியும் தண்ணீர்க் குழாயும் நின்றுவிடும். தெரிந்தும் சாப்பிடப் போனார். டிரைவர் தண்ணீர் தேடி ஓடி, வாளியோடு திரும்பியபோது ஒரு மாடுகூட உயிரோடு இல்லை. "வண்டியை நிறுத்திட்டு எங்கயோ சுத்தப் போயிட்டான்," என்று மேற்பார்வையாளர் விசாரணையில் கூசாமல் சொன்னார். டிரைவர் சிறைக்குப் போனார்.

இப்போது, அதே சாலையில், எஞ்சின் தானாக நின்றது.

நிழலே இல்லாத நட்டநடுச் சாலை. சாவியைத் திருகினார். அசையவில்லை. கதவு திறக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. குத்தினார், கைதான் வலித்தது. அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"பூட்டை எடும்மா! சீக்கிரம்!"

"நாங்க பூட்டவே இல்லையே சார்," என்றாள் அங்கிருந்த பெண். "மெக்கானிக்கை அனுப்புறேன். ஆமா, வண்டி காலின்னுதானே சொன்னீங்க? மாடு இப்படி மூச்சு வாங்குதே, தண்ணி காட்டலையா சார்?"

போன் கையிலிருந்து நழுவியது.

அவருக்கும் கேட்டது. பெரிய மூச்சுகள். வறண்டவை. இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம். பிறகு இந்தப் பக்கம்.

சட்டை தெப்பமாக நனைந்தது. செத்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தார்.

பிடரியில் ஒன்று பட்டது.

நாக்கு. ஈரமே இல்லாத, உப்புத்தாள் போல் சொரசொரத்த நாக்கு. மெதுவாக, அவசரமில்லாமல், வியர்வையை நக்கியது. மறுபடியும். இந்த முறை தோலும் சேர்ந்து வந்தது.

"ஐயோ, தெரியாம செஞ்சுட்டேன்!" என்று அலறினார். அந்த நேரத்திலும் பொய்.

காதோரம் இன்னொரு நாக்கு. முழங்கையில் ஒன்று. கழுத்தில் இரண்டு. பின்னால் இன்னும் பல முட்டி மோதின, வண்டி குலுங்கியது. வழிந்த ரத்தத்தையும் ஒரு சொட்டு கீழே விழவிடாமல் அவை குடித்தன.

வலி தாங்காமல் அவருக்கு அழுகை முட்டியது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

நக்குவது சட்டென்று நின்றது. சூடான மூச்சுகளெல்லாம் ஒன்றாக அவர் முகத்துக்கு நகர்ந்தன. முதல் நாக்கு, திறந்திருந்த கண்ணின் மேல் படிந்தது.