காலி இருக்கையின் சூடு

இருக்கையைச் சூடாக்கும் பொத்தானில் விளக்கு எரிந்தது. இருக்கை சூடாகவில்லை.

அடித்தள பார்க்கிங்கில் ஈர டயர் நாற்றமும், மேலே தெருவில் பனியை வழித்துக்கொண்டு போகும் வண்டியின் உரசலும், எரிவதா அணைவதா என்று தவித்த குழல்விளக்கின் முனகலும் கலந்து அவனைச் சுற்றி நின்றன. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. மனைவி உட்காரும் இடம். காய்ச்சலில் அவள் போன பிறகு அங்கே அவன் யாரையும் உட்காரவிட்டதில்லை. நாளை காரை வாங்குபவர் வருகிறார். அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

போன் ஸ்பீக்கரில் அவளுடைய அண்ணன். கார் எலக்ட்ரீஷியன்.

“மாப்ள, காலி சீட்டு சூடாகாது. ஆள் பாரம் தெரியணும். குட்டிய உக்கார வைங்க.”

“அவ பஞ்சு மாதிரி இருக்கா.”

“நீங்க மட்டும் என்னவாம்? இளைச்சுப்போன உங்களவிட பாரமாத்தான் இருப்பா.”

பின்னால் அரைத்தூக்கத்தில் இருந்த மகளைத் தூக்கி முன்னால் வைத்தான். காத்திருந்தான். ஜில்லென்றே இருந்தது.

“அப்ப ஃப்யூஸ்தான். கழட்டிப் பாருங்க.”

ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே கம்பி அறுந்திருந்தது.

“போயிருக்கு.”

“அவ்ளோதான். புதுசு போடுற வரைக்கும் அது வெறும் நாற்காலி.”

“அப்பா, சூடா இருக்கு,” என்றாள் மகள்.

கையை நீட்டித் தொட்டான். சூடு. ஹீட்டர் கம்பியின் சூடு போல ஒரே சீராக இல்லை. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. மூச்சு விடுவதுபோல.

“மாப்ள, என்ன சொல்றா?”

“சூடு வந்துடுச்சாம்.”

“ஃப்யூஸ் எங்க?”

“என் கைல.”

போனில் ஏதோ கீழே விழுந்த சத்தம்.

“குட்டிய இறக்குங்க. இப்பவே.”

சுற்றி ஓடினான். கதவைத் திறந்தான். முகத்தில் அனல். காய்ச்சல் உடம்பின் வாசனை. மனைவியின் கடைசி வாரத்தில் அறை முழுக்க இருந்த வாசனை.

மகளின் கன்னங்கள் சிவந்திருந்தன. கண்கள் செருகியிருந்தன. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

வரவில்லை.

சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை.

“விக்கல,” என்றான் அவன். “வண்டிய விக்கல. அவள விடு.”

குழல்விளக்கு ஒரு கணம் நின்று எரிந்தது. இருக்கை ஆழமாக அமுங்கியிருந்தது. மகள் அதற்கு ஒரு சாண் மேலே இருந்தாள். கால்கள் அந்தரத்தில் தொங்கின. அவள் ஸ்வெட்டரின் வயிற்றுப் பக்கத்தில், விரல் விரலாகப் பள்ளங்கள்.

இழுத்தான்.

பள்ளங்கள் இன்னும் ஆழமாயின.