போயிட்டு வாங்க

கர்சர் விட்ட இடத்தில் இல்லை.

நேற்று சாயங்காலம் செவ்வந்தி அதைக் கோப்பின் முதல் வரியில்தான் நிறுத்தியிருந்தாள். நன்றாக நினைவிருக்கிறது. அவள் புருஷன் நஞ்சுண்டன் தன் பெயரை அடித்து வைத்திருந்த வரி அது. அந்தப் பெயரின்மேல் கர்சர் மின்னி மின்னி மறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, அத்தை காபிக்குக் கூப்பிட்டதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தாள். இன்று எடிட்டரைத் திறந்தால் கர்சர் கோப்பின் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவன் கடைசியாக அடித்த வரியில்.

CALL VAREN

"அது ஒண்ணுமில்லீங்க அண்ணி," என்றான் ஆல்வின். நஞ்சுண்டனின் சிநேகிதன். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான்; இந்தக் கம்ப்யூட்டரே அவன் இரவல் கொடுத்ததுதான். "எடிட்டர் கடைசியா நின்ன எடத்தை ஞாபகம் வெச்சுக்குமுங்க. நாந்தான் அப்படி செட் பண்ணிக் குடுத்தேன்."

கடைசியாக நின்றது முதல் வரியில் அல்லவா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. புருஷன் செத்து மாசம் திரும்பவில்லை, அதற்குள் கர்சர் தானாக நகர்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

கணபதியில் வார்ப்புப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டின் முன்னறையில் எப்போதும் இரண்டு வாசனைகள் இருக்கும். ஒன்று பட்டறையிலிருந்து காற்றோடு வரும் கருகிய மண்ணின் வாசனை, இன்னொன்று நஞ்சுண்டன் ஈயம் வைத்து ஒயர்களைப் பற்றவைக்கும்போது எழும் புகையின் வாசனை, அது அவன் போன பிறகும் மேஜை மரத்தில் ஊறிக் கிடந்தது. இன்று ஐப்பசி மழை காலையிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டதில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருந்தது. ஆற்றுச் சேற்றின் வாசனை. இந்தத் தெருவுக்குப் பக்கத்தில் ஆறு ஏது?

மேஜைமேல் ஆல்வினின் கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில், எவரோ பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து விற்றுவிட்டுப் போன, ரப்பர் விசைகள் வைத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். உலகமே அதைத் தூக்கிப் போட்டாயிற்று. நஞ்சுண்டன் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு அழுதான். பகலில் மில்லில் எலெக்ட்ரானிக்ஸ் மராமத்து வேலை, வீட்டுக்கு வந்தால் இது. பெரிய கம்ப்யூட்டரின் எடிட்டரில் அசெம்பிளி மொழியில் எழுதி, தானே செய்த ஒயர் வழியாகச் சின்னதற்குள் அனுப்பி, பழைய கறுப்பு வெள்ளை டிவியில் ஓட்டிப் பார்ப்பான். இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. அவன் எழுதுவதில் தப்புக் கண்டுபிடிப்பவள் அவள். ஆனால் கடைசியாக எழுதிய புரோகிராமை மட்டும் அவளுக்குக் காட்டவே இல்லை. "உனக்காகத்தான் அம்மணி எழுதறேன். முடிச்சுப்போட்டுக் காட்டறேன். அதுவரைக்கும் எட்டிப் பாக்கப்படாது, ஆமா." அப்படிச் சொல்லிவிட்டு ஒரு மழை நாள் காலையில் கடைசி வரியை அடித்தான், வண்டிச் சாவியை எடுத்தான், "வாரேன்" என்றான். அவினாசி ரோட்டில் லாரி.

அந்தப் புரோகிராம் என்னவென்று ஒரு தடவை பார்த்தால் போதும் அவளுக்கு. ஒரே ஒரு தடவை. சென்டரில் புது பேட்ச் தொடங்குகிறது, நாளைக் காலையில் ஆல்வின் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எந்த விசையை அழுத்தினாலும் எடிட்டர் முரண்டு பிடித்தது. புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றித் தர வேண்டிய அசெம்பிளரைக் காணவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொல்லிற்று.

"பாத் மாறியிருக்குதுங்க," என்றான் ஆல்வின். அசெம்பிளர் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று திருத்தி எழுதினான். பிறகு விரல் நுனியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "கீபோர்டுல என்னங்க அண்ணி, சாம்பலாட்ட? ஈரமா வேற இருக்குது. ஊதுபத்தியுங்களா?"

"ஊதுபத்தி பூஜை ரூம்ல."

அவன் கைக்குட்டையால் துடைத்தான். ஐந்து விசைகளில்தான் இருந்தது. எந்த ஐந்து என்று செவ்வந்தி பார்த்தாள், பார்த்த பிறகு பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது. V, A, R, E, N.

அசெம்பிளர் இந்தத் தடவை ஓடியது. ஒரே ஒரு பிழை மிச்சம்.

"கால் வாரேன்..." என்று ஆல்வின் வாய்விட்டுப் படித்தான். "யாரு காலை வாரப் போறாராம்?" என்று சிரிக்கத் தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "VAREN-னு ஒரு லேபிளைக் கூப்புடறாருங்க. ஆனா அப்படி ஒண்ணு கோப்புல எங்கயுமே இல்லை. எழுதறதுக்கு முன்னால... நீங்க சும்மா அந்தப் பேர்ல ஒரு லேபிள் வெச்சு, அடியில ஒரு ரிட்டர்ன் போட்டுருங்க. ஓடிரும்."

அது அவளுக்குத் தெரியாததா? லேபிள் என்றால் புரோகிராமில் ஒரு துண்டுக்கு வைக்கும் பெயர், ரிட்டர்ன் என்றால் திரும்பி வா. கால் என்றால் அந்தப் பெயருக்குப் போயிட்டு வருவது. ஜம்ப் என்றால் போனால் போனதுதான். நஞ்சுண்டன் அடிக்கடி சொல்வான்: கால் போட்டால் திரும்பி வரவேண்டிய முகவரியை மெஷின் ஓர் அடுக்கில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் போகும், அடுக்கு கலைந்து போனால்? "அப்பவும் வரும் அம்மணி. ஆனா உருப்படியா வராது."

ஆல்வின் செருப்பை மாட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். ஒன்றும் சொல்லாமல் மழையில் இறங்கிப் போனான். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'வாரேன்' என்று சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர்களும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லக் கூடாது. இது எல்லாருக்கும் தெரியும்.

செவ்வந்திக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டும்போது, தினமும் காலையில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, பாழாய்ப் போன நாக்கு, அழுகைக்கு நடுவே தானாகச் சொல்லிவிட்டது.

"பாத்துப் போயிட்டு வாங்க."

அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். தூக்கியவர்களில் ஒருவருக்குக் கால் தடுமாறியது. அத்தை மட்டும்தான் அவளை இழுத்துத் தன் மாரோடு அணைத்துக்கொண்டாள்.

மேஜை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. பட்டறைச் சங்கு ஊதியது, ஆள்கள் பேசிக்கொண்டு தெருவில் போனார்கள், சைக்கிள் மணிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து அடங்கின. அதற்குப் பிறகு நஞ்சுண்டன் மில்லிலிருந்து வரும் நேரம்.

கேட்டின் கொண்டி எழும்பி விழும் சத்தம் கேட்டது.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கேட் சாத்தியே இருந்தது. மழை. வேறு ஒன்றும் இல்லை.

"உனக்கும் கேட்டுதா கண்ணு?"

அடுப்படி நிலையில் அத்தை நாச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பெற்ற மகனைப் பறிகொடுத்தவள். அவள் கையில் அரிசி களைந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு பவானி போயிட்டு வந்த நாள்ல இருந்து கேக்குது," என்றாள். பவானி கூடுதுறை ஆற்றில்தான் அவன் சாம்பலைக் கரைத்தார்கள். "மொதல்ல தெருக்கோடியில கேட்டுது. அப்பறம் பக்கத்தூட்டு வாசல்ல. இன்னிக்கு நம்ம கேட்டு."

"அத்தை, சும்மா இருங்க..."

"நீதான் கூப்புட்டே. உன்னைக் குத்தம் சொல்லல சாமி. ஆனா நீயே அனுப்பிப்போடோணும். 'போயிருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. நானும் சொல்லிப் பாத்தேன், பெத்த வாய்க்கு வரமாட்டீங்குது."

அவனைப் போகச் சொல்வதா? அவள் வாயாலா? "இதை ஒருக்கா மட்டும் பாத்துக்கறனுங்க அத்தை," என்றாள். "பாத்துப்போட்டுச் சொல்லிடறேன்."

கோப்பின் அடியில் லேபிளை அடித்தாள். விசைகள் மறுபடியும் ஈரமாக இருந்தன.

VAREN: RET

பிழை இல்லை. ஒயர் வழியாகச் சின்னக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். டிவி ஒரு தடவை உறுமி வெளிச்சமானது.

நடுவில் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து ஓர் இதழ், மெதுவாக. பக்கத்தில் இன்னொன்று. இதழ்கள் அடுக்கடுக்காக நெருங்கிச் சுற்றிக்கொண்டே வந்தன, கறுப்புத் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பூ விரிந்தது. செவ்வந்திப் பூ. அடியில் தமிழ் எழுத்துகள் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து அவள் பெயராயின. தமிழே தெரியாத மெஷினுக்கு ஒவ்வொரு புள்ளியாக எண்ணி எண்ணிச் சொல்லிக் கொடுத்திருக்கிறான், பாவி. இதற்காகவா இத்தனை நாள் ஒளித்து ஒளித்து எழுதினாய்? அவள் டிவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

பூ அசையாமல் நின்றது. புரோகிராம் கடைசி வரிக்கு வந்துவிட்டது.

கொண்டி எழும்பியது. விழவில்லை.

கேட் திறக்கும் கிரீச்.

தண்ணீரில் கால் வைக்கும் சத்தம். ஒன்று. நின்று, இன்னொன்று. சேற்றின் வாசனை அறைக்குள் வந்தது.

"சொல்லு கண்ணு," என்றாள் அத்தை. "இப்பச் சொல்லிப்போடு."

செவ்வந்தி கதவருகே போனாள். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். போயிருங்க. ஒரே ஒரு வார்த்தை. திரும்பி வர அவருக்கு உடம்பு ஏது? எரித்தாயிற்று. ஆற்றில் கரைத்தாயிற்று. எந்த முகவரிக்கு வருவார்? உருப்படியா வராது, அவர் சொன்னதுதான். தெரியும். எல்லாம் தெரியும்.

வெளியே அவன் குரல். தொண்டையில் தண்ணீர் நிறைந்த குரல்.

"வந்துட்டேன் அம்மணி."

அவள் வாயைத் திறந்தாள்.

"வாங்க," என்றது நாக்கு.

கையால் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன ஆக?

"அம்மா," என்றது வெளியே. "நனைஞ்சுட்டேன். துண்டு குடும்மா."

மழையில் நனைந்து வந்தால் எப்போதும் அப்படித்தான் கேட்பான். எருமை மாதிரி வளர்ந்த பிறகும் வாசற்படியில் குனிந்து நிற்பான், அத்தை திட்டிக்கொண்டே தலையைத் துவட்டிவிடுவாள். செவ்வந்தி கேலி செய்வாள்.

அத்தை கொடியிலிருந்து வெள்ளைத் துண்டை உருவினாள்.

"அத்தை, வேண்டாங்க."

"பையன் நனைஞ்சுட்டு நிக்கறான்டி."

"அத்தை..."

தாழ்ப்பாளைப் பிடித்திருந்த அவள் விரல்களை அத்தை ஒவ்வொன்றாக விலக்கினாள். முரட்டுத்தனமாக அல்ல. மெதுவாக. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

செவ்வந்தி பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

வாசல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. படிக்குக் கீழே, மழையில், அவன் உயரம். அவன் தோள். அத்தைக்கு எட்டட்டும் என்று அவன் குனிகிற அதே குனிவு. உடம்பு முழுக்க ஒரே நிறம்.

"எத்தனை தடவை சொல்றது கண்ணு," அத்தை அழுதுகொண்டே தலையைத் துவட்டினாள். "தலைக்கு ஈரம் ஆவாதுன்னு."

துண்டு சாம்பல் நிறமாகிவிட்டது. சாம்பல் அத்தையின் முழங்கை வழியாக வழிந்து, படியில் சொட்டி, மழைத் தண்ணீரோடு தெருவுக்கு ஓடியது.

அத்தை நிறுத்தவில்லை. அதுவும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

துவட்டத் துவட்ட, தலை குறைந்துகொண்டே வந்தது.